பிறந்த தேதி ஓரிடத்தில், அட்டை எண் வேறிடத்தில்: சிங்கப்பூரில் சொந்தத் தகவலைக் காக்க ஒரு வழிகாட்டி

மருத்துவ அறிக்கையோ காப்புறுதிக் கடிதமோ மின்னஞ்சலில் வந்தால், அதைத் திறக்கும் மறைச்சொல் என்னவென்று அந்த மின்னஞ்சலே சொல்லிவிடும்: பிறந்த தேதி, அதனோடு அடையாள அட்டை எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களும் எழுத்தும். சிங்கப்பூரில் இது நெடுநாள் வழக்கம். பிறந்த தேதியை, நேரத்தோடும் ஊரோடும் சேர்த்து, ஏதாவது ஒரு ஜாதகச் செயலியில் கொடுத்திருப்பீர்கள். அட்டை எண்ணின் கடைசிப் பகுதியைத் தீபாவளி அதிர்ஷ்டக் குலுக்கல் சீட்டில் எழுதிப் போட்டிருப்பீர்கள். இரண்டிலும் உங்கள் கைப்பேசி எண் இருக்கும். கேட்ட இருவருமே ஏமாற்றுக்காரர்களாக இருக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு பட்டியல்களும் என்றைக்காவது கசிந்து ஒருவர் கையில் சேர்ந்தால் போதும். கைப்பேசி எண்ணை வைத்து இரு வரிகளையும் பொருத்திவிடுவார். மின்னஞ்சலுக்குள்ளும் நுழைந்துவிட்டால் உங்கள் ரத்தப் பரிசோதனை முடிவு அவர் முன்னால் திறந்து கிடக்கும்.

தகவலை யாருக்கும் கொடுக்காமல் இந்தத் தீவில் ஒரு வாரம்கூட வாழ முடியாது. துண்டுகளை ஒன்றோடொன்று சேரவிடாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது. கீழே உள்ள படிகள் அந்த எண்ணத்தில் வரிசைப்படுத்தப்பட்டவை. எல்லாவற்றையும் ஒரே மாலையில் முடிக்க வேண்டாம். முதல் இரண்டை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

படி 1: அடையாள அட்டை எண் ரகசியம் என்ற எண்ணத்தை விடுங்கள்

2018ஆம் ஆண்டு ஜூன் கடைசியிலிருந்து ஜூலை முதல் வாரம் வரை சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமத்தின் கணினிகளுக்குள் நுழைந்தவர்கள் சுமார் 15 லட்சம் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி ஆகியவற்றை எடுத்துச் சென்றார்கள். அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் விவரமும் அதில் இருந்தது. 2024 டிசம்பரில், நிறுவனப் பதிவு விவரங்களைத் தரும் பிஸ்ஃபைல் என்ற அரசுத் தளத்தின் புதிய தேடல் வசதி, பெயரைத் தட்டினாலே முழு அட்டை எண்ணையும் காட்டியது. பொதுமக்கள் கொதித்தபின் அந்த வசதி நிறுத்தப்பட்டது, அரசு மன்னிப்புக் கேட்டது. கூடவே அரசு சொன்ன ஒரு விளக்கம் பலருக்கு எரிச்சலூட்டினாலும், என் பார்வையில் சரியானதுதான்: அட்டை எண் ஒருவர் யார் என்று குறிப்பதற்கு, பெயரைப் போல, அவர்தான் இவர் என்று மெய்ப்பிப்பதற்கு அல்ல.

பாதி மறைத்த எண் பாதுகாப்பானது என்று நம்புகிறவர்களுக்காக ஒரு கணக்கு. 1968இலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களின் அட்டை எண்ணில் முதல் இரு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிக்கும். மொத்தம் ஏழு இலக்கங்கள், கடைசியில் ஓர் எழுத்து. ஆண்டு தெரியும், கடைசி மூன்று இலக்கங்கள் தெரியும் என்றால், தெரியாதவை நடுவில் உள்ள இரண்டே இலக்கங்கள். நூறு வாய்ப்புகள். இறுதி எழுத்து முன்னால் உள்ள இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படுவது. பதினோரு எழுத்துகளில் ஒன்றாக இருக்கும். அதையும் வைத்து வடிகட்டினால் நூறு, ஏறத்தாழ ஒன்பதாகிவிடும். குலுக்கல் சீட்டில் நீங்கள் எழுதிய "பாதி" எண்ணின் கதி இதுதான்.

படி 2: அந்த எண்ணால் திறக்கும் பூட்டுகளை மாற்றுங்கள்

அட்டை எண்ணை மாற்ற முடியாது. அதை நம்பியிருக்கும் மறைச்சொற்களை மாற்ற முடியும். 2025 ஜூனில் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையமும் இணையப் பாதுகாப்பு அமைப்பும் சேர்ந்து, அட்டை எண்ணையோ அதன் பகுதியையோ மறைச்சொல்லாகப் பயன்படுத்துவதைக் கைவிடும்படி நிறுவனங்களுக்கு அறிவுறுத்தின. எல்லா நிறுவனமும் கைவிடும் வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

மின்னஞ்சல் பெட்டியில் பழைய காப்புறுதி, மருத்துவ, சம்பளக் கோப்புகளைத் தேடிப் பிடியுங்கள். தேவையானவற்றை இறக்கிப் பத்திரப்படுத்திவிட்டு, மின்னஞ்சலிலிருந்தும் அதன் குப்பைக் கூடையிலிருந்தும் அழித்துவிடுங்கள். உங்கள் காப்புறுதி, மருந்தகக் கணக்குகளில் தொடக்கத்தில் தரப்பட்ட மறைச்சொல் இன்னும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இன்றே மாற்றுங்கள்.

மின்னஞ்சல் கணக்குக்குத் தனிக் கவனம் வேண்டும். மற்ற எல்லாக் கணக்குகளின் மறைச்சொல்லையும் மின்னஞ்சல் வழியாக மாற்றிவிடலாம் என்பதால், அதற்கு வேறெங்கும் பயன்படுத்தாத நீண்ட மறைச்சொல்லும் இரண்டு கட்டச் சரிபார்ப்பும் கட்டாயம். குறுஞ்செய்தியில் வரும் குறியீட்டைவிடக் குறியீடு உருவாக்கும் செயலி மேல். மறைச்சொல் இல்லாமல் கைரேகையாலோ முகத்தாலோ நுழையவிடும் பாஸ்கீ வசதி இருந்தால் அது அதைவிட மேல்.

அடுத்து, பாதுகாப்புக் கேள்விகள். "உங்கள் தந்தையின் பெயர் என்ன?" என்று கேட்டு நம்மைச் சோதிக்கும் தளங்களை வடிவமைத்தவர்கள் தமிழர்களைச் சந்தித்ததே இல்லை போலும். நம் தந்தையின் பெயர் நம் அடையாள அட்டையிலேயே, "மகன்", "மகள்" என்ற குறிப்போடு அச்சாகியிருக்கிறது. மின்னஞ்சல் கையொப்பத்தில் இருக்கிறது, திருமண அழைப்பிதழில் இருக்கிறது. இத்தகைய கேள்விக்கு உண்மையான விடை கொடுக்காதீர்கள். சம்பந்தமில்லாத ஒரு சொற்றொடரைக் கொடுத்து, மறைச்சொல் காப்பகச் செயலியில் குறித்து வையுங்கள். பொய் சொல்வது தவறு என்று வளர்க்கப்பட்டவர்களுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். கணினிக்கு அது தெரியாது.

படி 3: படிவத்தை நீட்டும்போது மறுக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நிறைவேறி, அதன் முக்கிய விதிகள் 2014 ஜூலை 2இல் நடப்புக்கு வந்தன. 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரினாலோ அடையாளத்தை மிகத் துல்லியமாக உறுதிசெய்யத் தேவைப்பட்டாலோ தவிர, தனியார் நிறுவனங்கள் அட்டை எண்ணைக் கேட்கக் கூடாது. அட்டையையே பிடித்து வைத்துக்கொள்ளவும் கூடாது. அதிர்ஷ்டக் குலுக்கல், கடை உறுப்பினர் அட்டை, கருத்துப் படிவம், இணையத்தில் சினிமா டிக்கெட், கார் நிறுத்தக் கட்டணச் சலுகை: இவை எதற்கும் முழு எண் தேவையில்லை. மருந்தகம், ஹோட்டல் அறை, கைப்பேசி இணைப்பு, வங்கி ஆகிய இடங்களில் கேட்பது முறையானது. தேக்காவிலிருந்து ஊருக்குப் பணம் அனுப்பும் கடையில் வேலை அனுமதிச் சீட்டைக் கேட்பதும் முறைதான். பணமோசடித் தடுப்பு விதிகள் அவர்களைக் கட்டுப்படுத்துகின்றன.

மறுக்கும்போது சண்டை வேண்டாம். "இது எதற்குத் தேவை, வேறு எண் கொடுக்கலாமா?" என்று கேட்டாலே பெரும்பாலான கடை ஊழியர்கள் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். அவர்களுக்கும் அது தலைவலிதான். ஒரு பொருளையோ சேவையையோ தருவதற்கு நியாயமாகத் தேவைப்படுவதைவிட அதிகத் தகவலுக்குச் சம்மதம் கேட்டு, கொடுத்தால்தான் சேவை என்று நிபந்தனை போடுவதையும் இந்தச் சட்டம் தடுக்கிறது.

அட்டையின் படத்தை அனுப்பியே ஆகவேண்டும் என்றால், "இன்ன நிறுவனத்தின் இன்ன விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று தேதியுடன் படத்தின் குறுக்கே எழுதி அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் முகவருக்கு அனுப்பிய படம் எத்தனை கை மாறும் என்று முகவருக்கே தெரியாது. வேலை முடிந்ததும் அழிக்கச் சொல்லிக் கேளுங்கள், உங்கள் கைப்பேசியிலும் அழியுங்கள்.

படி 4: கைப்பேசி எண், சேர்க்கும் நூல்

ஒருவருடைய சிதறிய விவரங்களை ஒன்றாகக் கோக்க வணிக நிறுவனங்களுக்கும் மோசடிக்காரர்களுக்கும் அட்டை எண்ணைவிட அதிகம் உதவுவது கைப்பேசி எண்ணும் மின்னஞ்சல் முகவரியும்தான். எல்லா இடத்திலும் ஒரே எண்ணையும் ஒரே முகவரியையும் கொடுக்கிறோம் அல்லவா?

மின்னஞ்சலைப் பிரிப்பது எளிது. வங்கிக்கும் அரசாங்கச் சேவைகளுக்கும் ஒரு முகவரி, கடைகளுக்கும் சலுகைச் செயலிகளுக்கும் மற்றொன்று. ஆப்பிளில் கட்டணச் சேவை வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு கடைக்கும் தனித்தனிப் போலி முகவரி உருவாக்கித் தரும் வசதி உண்டு. ஜிமெயிலில் பெயருக்குப் பின் கூட்டல் குறியும் கடையின் பெயரும் சேர்த்து எழுதினாலும் கடிதம் உங்களிடமே வரும். யார் முகவரியை விற்றார்கள் என்று கண்டுபிடிக்க அது உதவும். ஆனால் கூட்டல் குறிக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிடுவது சுலபம் என்பதால் அதைப் பாதுகாப்பாக எண்ண வேண்டாம்.

கைப்பேசி எண்ணைப் பிரிக்க முடியாதவர்கள் அழைக்கவேண்டாம் பதிவகத்தில் பதிந்து வைக்கலாம். இலவசம், எண்ணை நீங்கள் நிறுத்தும் வரை பதிவு நீடிக்கும். விற்பனை அழைப்புகள் குறையும். நீங்களே எப்போதோ ஒரு படிவத்தில் சம்மதம் டிக் செய்த நிறுவனம் அழைப்பதை அது தடுக்காது. மோசடிக்காரர்களோ அந்தப் பதிவகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அழைப்பதில்லை.

தங்குவிடுதியில் இருக்கும் சகோதரர்களுக்கு ஒன்று. வேலை ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும்போது பெட்டி கட்டுவதோடு எண்ணையும் கழற்றிவிட்டுப் போங்கள். காலாவதியான முன்கட்டண எண்ணை நிறுவனம் பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அந்த எண்ணுக்கு உங்கள் வங்கிக் குறியீடும் வாட்ஸ்அப் பதிவுக் குறியீடும் போனால், யாரோ ஒரு புதியவர் கையில் அவை கிடைக்கும். விமானம் ஏறும் முன்பே வங்கிக் கணக்கை மூடுங்கள் அல்லது எண்ணை மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் "எண்ணை மாற்று" என்ற வசதியைப் பயன்படுத்தி இந்திய எண்ணுக்கு மாறுங்கள். பணம் அனுப்பும் செயலிகளிலும் அப்படியே செய்யுங்கள்.

படி 5: கைப்பேசிக்குள்

அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியைத் திறந்து, எந்தச் செயலிக்கு இருப்பிடம், ஒலிவாங்கி, தொடர்புப் பட்டியல் ஆகிய அனுமதிகள் இருக்கின்றன என்று பாருங்கள். இருப்பிடத்தைப் "பயன்படுத்தும்போது மட்டும்" என்று மாற்றுங்கள். வானிலை, உணவகச் சலுகை போன்றவற்றுக்குத் துல்லிய இருப்பிடத்தை அணைத்து, தோராய இருப்பிடம் போதும் என்று விடலாம். தொடர்புப் பட்டியலைக் கேட்கும் செயலிக்கு அனுமதி கொடுக்கும்போது, உங்களுடையதை மட்டும் கொடுக்கவில்லை. அத்தையின் எண்ணையும் மருத்துவரின் எண்ணையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள்.

ஐபோனில் "கண்காணிப்பு" என்ற பகுதியில், செயலிகள் கண்காணிக்க அனுமதி கேட்பதையே அணைத்துவிடலாம். ஆண்ட்ராய்டில் விளம்பர அடையாளத்தை அழிக்கும் பொத்தான் இருக்கிறது. கூகல் கணக்கில் உங்கள் தேடல், யூடியூப் வரலாறு 3, 18 அல்லது 36 மாதங்களில் தானே அழியும்படி வைக்கலாம், 3ஐத் தேர்ந்தெடுங்கள். ஃபேஸ்புக்கில், மற்ற கடைகளும் செயலிகளும் உங்களைப் பற்றி மெட்டாவுக்கு அனுப்பும் விவரங்களைப் பார்க்கவும் துண்டிக்கவும் ஒரு பக்கம் உண்டு. ஒருமுறை திறந்து பாருங்கள். எத்தனை நிறுவனங்கள் நம்மைப் பற்றிப் பேசிக்கொள்கின்றன என்று அங்கே தெரியும்.

தமிழர்களாகிய நமக்கே உரிய ஒரு ஓட்டை விசைப்பலகை. தமிழில் தட்டச்சு செய்வதற்காக ஏதோ ஒரு செயலியை இறக்கியிருப்போம். வெளியார் விசைப்பலகையைச் சேர்க்கும்போதே, நீங்கள் தட்டும் அனைத்தையும், மறைச்சொல், கடன் அட்டை எண் உட்பட, அது சேகரிக்கக்கூடும் என்று ஆண்ட்ராய்டு எச்சரிக்கிறது. வேகமாகச் "சரி" என்று தட்டிவிடுகிறோம். ஐபோனில் தமிழ் 99, அஞ்சல் ஆகிய இரண்டு விசைப்பலகைகளும் பல ஆண்டுகளாக உள்ளமைந்தே வருகின்றன. ஆண்ட்ராய்டில் பொதுவாக முன்பே இருக்கும் கூகல் விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாமவருடையது தேவையே இல்லை. இருந்தால் நீக்குங்கள்.

ஜாதகச் செயலிகளை நீக்கச் சொன்னால் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள், அதனால் சொல்லவில்லை. கணக்குத் தொடங்காமல் பயன்படுத்துங்கள், கைப்பேசி எண் கொடுக்காதீர்கள், முழுப்பெயருக்குப் பதில் ஒரு செல்லப்பெயர் போதும். கிரகங்களுக்குத் தேவை நாள், நேரம், ஊர் மட்டும்.

செயலியை அதிகாரபூர்வக் கடையிலிருந்து மட்டும் இறக்குங்கள். 2023இல் ஃபேஸ்புக் விளம்பரத்தில் மலிவு மீனும் வீடு துப்புரவும் காட்டி, வாட்ஸ்அப் வழியாக ஒரு கோப்பை அனுப்பி நிறுவச் செய்து, பலருடைய வங்கிக் கணக்கைக் காலி செய்தார்கள். அதன்பின் 2024 பிப்ரவரியில், இத்தகைய ஆபத்தான அனுமதிகளைக் கேட்கும் வெளிக்கோப்புகளைத் தானாகத் தடுக்கும் ஏற்பாட்டைக் கூகல் முதன்முதலில் சிங்கப்பூரில்தான் சோதிக்கத் தொடங்கியது. அந்தத் தடுப்பை அணைக்கச் சொல்லி ஒருவர் தொலைபேசியில் வழிகாட்டுகிறார் என்றால், அவர் யார் என்று யோசிக்க வேண்டியதே இல்லை.

படி 6: சிங்பாஸ்

நீங்களாகத் தொடங்காத எந்த வேலைக்கும் அரசின் மின்னிலக்க அடையாளச் செயலியான சிங்பாஸில் ஒப்புதல் தராதீர்கள். யாரோ அனுப்பிய கியூஆர் குறியீட்டை அதில் வருடாதீர்கள். அரசிடம் உள்ள உங்கள் விவரங்களைப் படிவத்தில் தானாக நிரப்பும் மைஇன்ஃபோ வசதியைப் பயன்படுத்தும்போது எந்தெந்த விவரம் போகிறது என்ற பட்டியல் திரையில் வரும். உடற்பயிற்சிக் கூட உறுப்பினர் படிவத்துக்கு வருமானமும் மத்திய சேமநிதி விவரமும் எதற்கு என்று தோன்றினால், பின்வாங்கிக் கைப்பட நிரப்பும் வழியைக் கேளுங்கள். செயலியில் உங்கள் பயன்பாட்டு வரலாற்றை அவ்வப்போது பாருங்கள்.

சில நூறு வெள்ளிக்குச் சிங்பாஸையோ வங்கிக் கணக்கையோ "வாடகைக்கு" கேட்பவர்கள் தங்குவிடுதிகளைச் சுற்றியும் டெலிகிராமிலும் திரிகிறார்கள். 2023இல் நிறைவேறிய சட்டத் திருத்தங்களுக்குப் பின், அப்படிக் கொடுத்தவர் "எதற்கென்று எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பிப்பது கடினம். நண்பன் கேட்டாலும் கொடுக்கக் கூடாது.

படி 7: குடும்பம், வரன், வாட்ஸ்அப் குழு

வரன் தேடும் தளத்தில் இருக்கும் ஒரு சுயவிவரத்தை அந்நியர் கண்ணால் படித்துப் பாருங்கள்: பிறந்த தேதி, நட்சத்திரம், தந்தை பெயர், வேலை, சம்பளம், புகைப்படம், சில சமயம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வட்டாரம்கூட. இதைவிட முழுமையான கோப்பை எந்த உளவாளியும் தயாரிக்க முடியாது. பிறந்த ஆண்டையும் நட்சத்திரத்தையும் மட்டும் காட்டலாம். முழு ஜாதகத்தைப் பேச்சு முன்னேறிய பிறகு கொடுத்தால் போதும். புகைப்படத்தையும் தொலைபேசி எண்ணையும், நீங்கள் ஏற்றுக்கொண்டவர்கள் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். திருமணம் முடிந்ததும் சுயவிவரத்தை மறைக்க வேண்டாம், அழியுங்கள். பெரும்பாலானோர் கல்யாண மும்முரத்தில் மறந்துவிடும் வேலை இது.

வாட்ஸ்அப்பில் குழுவில் சேர்க்கும் உரிமையைத் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்குங்கள், ஆறு இலக்க ரகசிய எண்ணை (PIN) போடுங்கள், இணைக்கப்பட்ட கணினிகளின் பட்டியலைப் பாருங்கள். பேரப்பிள்ளையின் தேர்வு முடிவுத் தாளைப் பெருமையோடு பகிரும் தாத்தா பாட்டிகளைத் தடுப்பது எனக்குத் தெரிந்து எந்த அமைப்பிலும் இல்லாத வசதி. அவர்களிடம் அன்பாகத்தான் பேச வேண்டும்.

படி 8: நிறுவனத்துக்குக் கடிதம் எழுதுங்கள்

பலரும் பயன்படுத்தாத உரிமை இது. ஒவ்வொரு நிறுவனமும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் வழியை வெளியிட வேண்டும். அவருடைய முகவரி வழக்கமாகத் தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தின் அடியில் இருக்கும். ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதுங்கள், வேகமாக நடக்கும். கேட்க வேண்டியவை இவை. என்னைப் பற்றி உங்களிடம் உள்ள விவரங்கள் யாவை? கடந்த ஓராண்டில் அவற்றை எதற்குப் பயன்படுத்தினீர்கள், யாரிடம் கொடுத்தீர்கள்? விளம்பரத்துக்கான என் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், நிறுத்திவிட்டதை எனக்குத் தெரிவியுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர முடியாவிட்டால், எப்போது தருவார்கள் என்பதையாவது அந்தக் காலத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். விவரங்களைக் காட்ட நியாயமான கட்டணம் கேட்கலாம். தவறைத் திருத்தக் கட்டணம் கேட்கக் கூடாது.

"எல்லாவற்றையும் அழி" என்று கட்டளையிடும் உரிமை ஐரோப்பாவில் இருப்பதுபோல் இங்கே இல்லை. ஆனால் தேவை முடிந்தபின் தகவலை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது என்ற கடமை நிறுவனத்துக்கு உண்டு. ஆகவே, "என் கணக்கை மூடிவிட்டேன், எந்தத் தேவைக்காக இன்னும் வைத்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுவதைவிட அழிப்பது அவர்களுக்குச் சுலபம். பதில் வராவிட்டால் தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் புகார் செய்யலாம். 2022 அக்டோபர் முதல் அபராத உச்சவரம்பு 1 மில்லியன் வெள்ளி, அல்லது சிங்கப்பூரில் 10 மில்லியனுக்கு மேல் ஆண்டு வருவாய் உள்ள நிறுவனமென்றால் அந்த வருவாயில் 10 விழுக்காடு, இரண்டில் எது அதிகமோ அது.

இந்தச் சட்டம் அரசாங்க அமைப்புகளைக் கட்டுப்படுத்தாது. அவற்றுக்குப் பொதுத்துறை நிர்வாகச் சட்டம் என்று தனி ஏற்பாடு. கொவிட் காலத்தில் தொற்றுத் தொடர்புகளைத் தடமறிந்த டிரேஸ்டுகெதர் செயலியின் தரவைக் காவல்துறை குற்ற விசாரணைக்குப் பெற முடியும் என்பது 2021 ஜனவரியில் வெளிவந்தபோது எழுந்த சலசலப்பு நினைவிருக்கும். அடுத்த மாதமே, ஏழு வகைக் கடுங்குற்றங்களுக்கு மட்டும் என்று சட்டம் இயற்றி எல்லை வகுத்தார்கள். தரவைத் திரட்டும்போது சொன்ன நோக்கம் பின்னால் விரியக்கூடும் என்பதற்கு, தனியாரோ அரசோ, இதைவிடத் தெளிவான உதாரணம் இங்கே எனக்குத் தெரியவில்லை.

படி 9: கசிந்துவிட்டது என்று தெரிந்தால்

500 பேரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ பாதிக்கும் அல்லது கடும் தீங்கு விளைவிக்கக்கூடிய கசிவு என்று நிறுவனம் முடிவுசெய்தால் மூன்று நாள்களுக்குள் ஆணையத்துக்கு அறிவிக்க வேண்டும். தீங்கு நேரக்கூடும் என்றால் உங்களுக்கும் சொல்ல வேண்டும். அந்த அறிவிப்பு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது, என்ன கசிந்தது என்ற வரியை. மறைச்சொல் என்றால் அதே மறைச்சொல் உள்ள எல்லா இடத்திலும் மாற்றுங்கள். பெயர், எண், முகவரி மட்டும் என்றால், அடுத்த சில மாதங்களுக்கு உங்கள் விவரங்களை ஒப்பித்துக்கொண்டே வரும் அழைப்புகளுக்குத் தயாராக இருங்கள். விவரம் தெரிந்திருப்பதே அழைப்பவர் உண்மையானவர் என்பதற்குச் சான்று ஆகாது.

2024 ஜூலை முதல் பெரும்பாலான அரசாங்கக் குறுஞ்செய்திகள் "gov.sg" என்ற ஒரே அனுப்புநர் பெயரில்தான் வருகின்றன. பதிவு செய்யாத பெயரில் வருபவை "மோசடியாக இருக்கலாம்" என்ற முத்திரையுடன் வரும். சந்தேகம் வந்தால் 1799க்கு அழையுங்கள்; மோசடித் தடுப்புக்கான இந்த ஸ்கேம்ஷீல்ட் உதவி எண் நாள் முழுதும் இயங்குகிறது. பணம் போய்விட்டது என்றால் முதல் அழைப்பு வங்கிக்கு, அல்லது வங்கிச் செயலியிலேயே உள்ள அவசர முடக்கப் பொத்தான். சிங்பாஸ் மீது ஐயம் என்றால் 6335 3533. அதற்குப் பிறகுதான் காவல்துறைப் புகார். புகாருக்கு முன் எந்தச் செய்தியையும் அழிக்காதீர்கள், திரையைப் படம் பிடித்து வையுங்கள். வெட்கத்தில் முதலில் உரையாடலை அழித்துவிட்டு நிலையத்துக்குப் போகிறவர்களே அதிகம் சிரமப்படுகிறார்கள்.